குரல் ஒருக்கால் கத்துது, ஒருக்கால் காணாமல் போகுது: கொம்ப்ரசரா, கைவேலையா?

கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி தன் அறையில் பதிவுசெய்த பாட்டொன்றை அனுப்பியிருந்தான். நல்ல குரல், மெட்டும் நல்லது. ஆனால் சரணத்தில் குரல் கீபோர்டுக்கு அடியில் அமிழ்ந்து கிடக்கிறது, பல்லவி வந்ததும் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது. "அண்ணன், கொம்ப்ரசர் போட்டுப் பார்த்தேன், முந்தினதை விட மோசமாப் போச்சு" என்று கீழே ஒரு வரி. அதே கிழமை, பக்திப் பாட்டுப் பாடிப் பதிவுசெய்யும் அக்கா ஒருவர் உப்புவெளியில் இருந்து கேட்டிருந்தார்: வரிவரியாக மவுஸால் வொலியூம் கோடு இழுத்துக் கை உளைகிறது, இதைத் தானாகச் செய்யும் பிளகின் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவி) ஒன்று இருக்கிறதாமே, காசு கொடுத்து வாங்கலாமா?

இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான். ஒரு பாட்டுக்குள் குரல் ஏறி இறங்குவதைச் சமப்படுத்த எந்த வழியைப் பிடிப்பது? கையில் இருக்கும் வழிகள் ஐந்து: திரும்பப் பாடுவது, க்ளிப் கெயின், கொம்ப்ரசர் (ஓர் அளவுக்கு மேல் பலக்கும் சத்தத்தைத் தானாக அழுத்தும் கருவி), வொலியூம் ஓட்டோமேஷன் (அக்கா மவுஸால் இழுக்கும் அந்தக் கோடு), ரைடர் பிளகின் (அவர் வாங்கக் கேட்டது). எந்த வீடியோவைத் திறந்தாலும் கொம்ப்ரசரைத்தான் முதலில் காட்டுகிறார்கள், அதனால் எல்லோரும் நேரே அங்கேதான் போகிறார்கள். வீட்டில் பதிவுசெய்த நல்ல குரல்கள் அதிகம் கெடுவதும் அங்கேதான் என்பது எனக்கு அனுப்பப்படும் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு வந்த முடிவு.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. சரணம் முழுவதும் மெல்ல, பல்லவி முழுவதும் பலமாக என்றால் அது இருபது முப்பது விநாடி நீளமான வித்தியாசம். ஒரு வரி மட்டும் அமுங்குகிறது என்றால் மூன்று நாலு விநாடி, ஒரு மூச்சளவு. ஒரு சொல்லின் முதல் எழுத்து மட்டும் துள்ளுகிறது என்றால் அது விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மூன்றும் ஒரே நோய் இல்லை, மருந்தும் ஒன்றில்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருந்துதான் பிரிகிறது.

இரண்டாவது, சொல்லின் கடைசி கேட்கிறதா. இது எங்கள் மொழிக்கே உரிய விஷயம், நான் பார்த்த ஆங்கில வீடியோக்கள் ஒன்றிலும் இதைத் தொடவில்லை. வருவாய், வருவான், வருவாள்: மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி ஒற்று ஒன்றுதான். யார் வருவது, எப்போது வருவது எல்லாவற்றையும் தமிழ் சொல்லின் வாலில் கட்டி வைத்திருக்கிறது. பாடுபவருக்கு மூச்சு முடிவதும் சரியாக அந்த இடத்தில்தான். ஆகவே அளவு எடுத்துப் பார்த்தால் குரல் சமமாகத்தான் இருக்கும், ஆனால் கேட்கிறவருக்கு ஏதோ தெளிவில்லை என்று படும். பாட்டு முழுக்க ஒலிக்கிறது, அர்த்தம் மட்டும் கடலுக்குள் போய்விடுகிறது.

மூன்றாவது, அறைச் சத்தத்துக்கு என்ன நடக்கிறது என்பது. திருகோணமலையில் அமைதியான அறை பருவத்துக்குப் பருவம் மாறும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஃபான் இல்லாமல் அறைக்குள் இருக்க முடியாது, யன்னலைச் சாத்தினால் அவிகிறது. கார்த்திகை, மார்கழியில் தகரத்தில் மழை. வருடம் முழுக்கக் காகம், ஓட்டோ, எங்காவது ஒரு கோயில் ஒலிபெருக்கி. குரலை உயர்த்தும் எந்த வழியும் இவற்றையும் சேர்த்தே உயர்த்தும். எந்த இடத்தில் உயர்த்துகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மற்றது நேரம், காசு, பிறகு மாற்ற முடியுமா என்பது. இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். எந்த இரண்டை ஒப்பிட்டாலும் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள், ஏனென்றால் ஒரு டெசிபல் (சத்தத்தின் அலகு) கூடுதலாகக் கேட்டாலே காது அதை "நல்லது" என்று சொல்லிவிடும்.

திரும்பப் பாடுவது

இதை ஒரு தெரிவாகவே ஆட்கள் எண்ணுவதில்லை, ஆனால் மற்ற நாலு வழியாலும் முடியாத ஒன்று இதனால் முடியும்: பதிவே வெடித்துப்போயிருந்தால், அதாவது உச்சம் பூச்சியத்தில் (பதிவு தாங்கும் மேல் எல்லையில்) முட்டி வெட்டுப்பட்டிருந்தால், அதை எந்தப் பிளகினும் முழுதாக மீட்டுத் தராது. 24 பிட்டில் பதிவுசெய்யும்போது சத்தமாகப் பதிய வேண்டிய அவசியமே இல்லை. உச்சங்கள் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும், மெல்லிய வரிகளும் பத்திரமாக இருக்கும்.

ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பலருக்கும் அது ஹெட்ஃபோனில் இருந்து வருகிறது. பல்லவியில் இசை பெருகும்போது தன் குரல் தனக்கே கேட்காமல் போகிறது, உடனே தொண்டையைத் திறந்து கத்துகிறோம். சரணத்தில் தன் குரல் மட்டும் பெரிதாகக் கேட்கிறது, முணுமுணுக்கிறோம். பதிவின்போது ஹெட்ஃபோனுக்குப் போகும் இசையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, ஒரு காதைப் பாதி திறந்து வைத்துப் பாடச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை பதிவிலேயே தீர்ந்ததை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

அப்புறம் தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையில் உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால் நேரடிக் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். உச்ச ஸ்தாயி வரும்போது 15 சென்ரிமீற்றரில் இருந்து 25 சென்ரிமீற்றருக்கு முகத்தைப் பின்னுக்கு எடுத்தாலே போதும். கச்சேரி மேடையில் பழகியவர்கள் இதை நினைக்காமலே செய்வார்கள். இதன் மறைமுகச் செலவு குரலின் நிறத்தில் தெரியும்: கார்டியொயிட் மைக்கில் (முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கும் வகை) கிட்டப் போகப் போக அடிக்குரல் தடிக்கும், தள்ளிப் போகப் போகச் சீமெந்துச் சுவரின் எதிரொலி ஏறும். ஆகவே ஒரு சாண் அளவுக்கு மேல் ஆட வேண்டாம்.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்ற நாட்களில், மடிக்கணினி பற்றரியில், ஃபான் இல்லாத வெக்கையில் வியர்க்க வியர்க்கப் பதிவுசெய்த சில பாட்டுகள் என்னிடம் உண்டு. அவ்வளவு சுத்தமான பதிவு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

எப்போது இது வேண்டாம்? பாடியவரின் உணர்வு அந்த ஒரு தரத்தில் மட்டும் வந்திருந்தால். தகப்பனுக்காகப் பாடிய பாட்டில் குரல் உடைகிற இடத்தைச் சமப்படுத்துவதற்காக இன்னொரு தரம் பாடச் சொல்லாதீர்கள். அங்கே மற்ற வழிகள்தான்.

க்ளிப் கெயின்

குரல் எந்தப் பிளகினுக்குள்ளும் போகுமுன்பே, அலைவடிவத்தின் மேலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது இது. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் துண்டின் மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் ஆயிற்று. ஓடாசிட்டியில் என்வலப் கருவி இதே வேலையைச் செய்யும். மற்ற மென்பொருட்களிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். ஒரு சதமும் செலவில்லை.

வேலை செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் பகுதி பகுதியாக: சரணத்தை 3 டெசிபல் ஏற்று, பல்லவியை 5 இறக்கு. அதன் பின் வரி. அதன் பின், உண்மையிலேயே தேவையான இடத்தில் மட்டும், சொல். நேரே சொல்லில் தொடங்குகிறவர்கள்தான் இரவு இரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்கிறார்கள். நாலு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு எனக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் போகும்.

அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துச் சமப்படுத்த வேண்டாம். திரையில் பெருத்துத் தெரியும் எழுத்து காதுக்குச் சாதாரணமாக இருக்கலாம். "ஸ்" ஒலி கோடுபோல மெலிந்து தெரியும், காதில் ஊசிபோலக் குத்தும். கண்ணை மூடிக் கேட்டு, துருத்துகிற இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டி நேர்த்தியாக்கினால் குரல் செத்த குரலாகிவிடும்.

மறைமுகச் செலவுகள் மூன்று. வெட்டிய இடங்களில் 5, 10 மில்லிவிநாடி ஃபேட் (சத்தம் மெல்ல எழும்பி அடங்கும் சரிவு) போடாவிட்டால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு வரியை 6 டெசிபல் ஏற்றினால் அந்த வரிக்குள் மட்டும் ஃபான் இரைச்சலும் 6 ஏறி, வரி முடிந்ததும் பொத்தென்று விழும். தம்புராவும் குரலும் மட்டும் உள்ள பாட்டில் இது அப்பட்டமாகத் தெரியும், தவிலும் கீபோர்டும் உள்ள பாட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது, பாடியவர் நாளைக்கு வந்து "நான் வேறொரு தரம் பாடினேன், அதைப் போடுங்கோ" என்றால் எல்லாம் முதலில் இருந்து.

சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையிலான பெரிய வித்தியாசத்துக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. கொம்ப்ரசர் போடப் போகிறீர்கள் என்றாலும் அதற்கு முன் இதைச் செய்து சமமான குரலை உள்ளே அனுப்புங்கள், கொம்ப்ரசருக்குப் பாதி வேலைதான் மிஞ்சும்.

கொம்ப்ரசர்

இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம், ஏனென்றால் கிண்ணியாத் தம்பியின் பாட்டுக் கெட்டது இங்கேதான்.

அவன் பாட்டில் சரணம் சராசரியாக மைனஸ் 24 டெசிபலில் நின்றது, பல்லவி மைனஸ் 12 இல். பன்னிரண்டு டெசிபல் இடைவெளி. த்ரெஷோல்டை (அழுத்தத் தொடங்கும் அளவை) மைனஸ் 24 இல் வைத்து, ரேஷியோ 4:1 (அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 4 டெசிபலுக்கும் 1 மட்டும் வெளியே) என்று கொடுத்தால், 12 மேலே இருந்த பல்லவி 3 மட்டும் மேலே வந்து நிற்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால் பல்லவி தொடங்கியது முதல் முடியும் வரை கொம்ப்ரசர் 9 டெசிபலை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய மேக்கப் கெயினில் 9 ஏற்றுகிறோம். பாடகர் மூச்சு வாங்க நிறுத்துகிற ஒவ்வொரு இடைவெளியிலும் கொம்ப்ரசர் கையை எடுத்துவிடும், அப்போது அந்த 9 டெசிபலும் மூச்சுக்கும் ஃபானுக்கும் வெளியில் கத்துகிற காகத்துக்கும் போகிறது. பல்லவி முழுக்க "ஹூம்" என்று பொங்கிப் பொங்கி அடங்குகிற சத்தம் வந்தது அதனால்தான். "மோசமாப் போச்சு" என்று அவன் சொன்னது இதைத்தான்.

இருபது விநாடி நீளமான வித்தியாசத்தை, விநாடியின் சிறு பங்குக்குள் வேலை செய்யும் கருவியிடம் கொடுத்தது பிழை. பல்லவியை 6 இறக்கி, சரணத்தை 3 ஏற்றினால் அதே 3 டெசிபல் இடைவெளி கையாலேயே வந்துவிடுகிறது, குரலின் உருவம் கெடாமல். அதற்குப் பிறகு கொம்ப்ரசர் உச்சத்துள்ளல்களை 3 முதல் 5 டெசிபல் தட்டிவைத்தால் போதும்.

கொம்ப்ரசருக்கு என்று ஒரு வேலை இருக்கிறது, அதைக் கையால் செய்ய முடியாது. சொல்லுக்குள் எழுத்துக்கு எழுத்து நடக்கும் துள்ளலைக் கட்டி, குரலை இசைக்கு முன்னால் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது, குரலுக்கு ஒரு தடிப்பைக் கொடுப்பது. ஒவ்வொரு எழுத்தாக மவுஸால் இழுத்து அந்த உணர்வைக் கொண்டுவர எவராலும் முடியாது. ராப் பாடுகிறவர்களுக்கும் பின்னணி இசை நெருக்கமாக உள்ள பாட்டுகளுக்கும் கொம்ப்ரசர் இல்லாமல் சரிவராது.

அமைப்பில் ரிலீஸை (அழுத்திய கையை எடுக்கப் பிடிக்கும் நேரத்தை) முதலில் கவனியுங்கள், எல்லோரும் ரேஷியோவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "வருவாய்" என்ற சொல்லில் "வரு" என்பதை உச்சத்தில் பிடித்து "வாய்" என்று மெல்ல விடுகிறார் என்று வையுங்கள். ரிலீஸ் நீளமாக இருந்தால் "வரு"வுக்காக அழுத்திய கையைக் கொம்ப்ரசர் எடுக்க மறந்து, மெலிந்த "வாய்" மீதும் அழுத்திக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே மூச்சுக் குறைந்த இடம், அதன் மேல் இன்னும் 5 டெசிபல் குறைவு. யார் வருவது என்று ஒருவருக்கும் கேட்காது. 60 முதல் 120 மில்லிவிநாடிக்குள் தொடங்கி, சொல்லின் வாலைக் கேட்டுக்கேட்டுச் சரிசெய்யுங்கள். அதைவிட மிகவும் குறைத்தால் கமகம் அசையும் இடங்களில் நடுக்கம் ஒன்று சேரும், அடிக்குரல் கரகரக்கும்.

அட்டாக் (அழுத்தத் தொடங்கப் பிடிக்கும் நேரம்) ஒரு மில்லிவிநாடிக்குக் கீழே போனால் க, ட, ப போன்ற வல்லினத்தின் தட்டு மழுங்கிவிடும். 10, 15 மில்லிவிநாடி விட்டால் தட்டு வெளியே வந்த பிறகுதான் அழுத்தும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1176 என்ற கொம்ப்ரசரைப் பில் பட்னம் 1967 இல் கொண்டுவந்தார், அதன் நகலான பிளகின்கள் இலவசமாகவும் நிறையக் கிடைக்கின்றன. அதன் அட்டாக் மிகத் தாமதமாக வைத்தாலும் 800 மைக்ரோவிநாடிதான், அதாவது ஒரு மில்லிவிநாடியைவிடக் குறைவு. அதோடு குமிழ்கள் தலைகீழ்: 7 என்பது வேகம், 1 என்பது தாமதம். மற்றக் கொம்ப்ரசர் பழக்கத்தில் திருப்பினால் நினைத்ததற்கு நேர் எதிராக நடக்கும். 1960களில் வந்த எல்ஏ-2ஏ வேறு குணம். உள்ளே ஒரு விளக்கும் ஒளியை உணரும் பாகமும் சேர்ந்து சத்தத்தைக் குறைக்கும், ஆறுதலாகப் பிடித்து ஆறுதலாக விடும். மெல்லிசைக்கும் பக்திப் பாட்டுக்கும் எனக்கு அதன் நகல்கள்தான் பிடிக்கும், கடைசி அசை அமுங்குகிறதா என்ற கவனத்தோடு.

இன்னொரு மறைமுகச் செலவு "ச", "ஸ". இவற்றின் பலம் குறைவாகத் தெரிவதால் கொம்ப்ரசர் இவற்றைத் தொடாது, மேக்கப் கெயின் மட்டும் இவற்றை உயர்த்தும். கொம்ப்ரசர் போட்டதும் குரல் சீறத் தொடங்கினால் 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஒரு டீ-எஸ்ஸர் (சீறலை மட்டும் அடக்கும் பிளகின்) தேவைப்படும். ஆக ஒரு பிளகின் என்று தொடங்கியது இரண்டாகிறது.

ரீப்பரோடு வரும் ரியாகொம்ப் என்ற கொம்ப்ரசர் ஒன்றே இந்த வேலைக்குப் போதும். ரீப்பரைப் 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், தனியாள் உரிமம் 60 டொலர். கொம்ப்ரசர் வாங்குவதற்கென்று வேறு காசு செலவழிக்க வேண்டாம்.

வொலியூம் ஓட்டோமேஷன்

க்ளிப் கெயினும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். கொம்ப்ரசர் இல்லாவிட்டால் ஏறக்குறைய ஒன்றுதான். கொம்ப்ரசர் நடுவில் வந்துவிட்டால் இரண்டும் வேறு. த்ரெஷோல்டுக்கு மேல் நிற்கும் ஒரு சொல்லைக் க்ளிப் கெயினில் 3 டெசிபல் ஏற்றினால், 4:1 கொம்ப்ரசர் அதில் முக்கால் டெசிபலை மட்டும் வெளியே விடும். ஓட்டோமேஷன் கொம்ப்ரசருக்குப் பின்னால் நடப்பது, ஏற்றிய 3 அப்படியே 3 ஆகக் கேட்கும். ஆகவே "கொம்ப்ரசர் போட்ட பிறகும் இந்தச் சொல் கேட்கவில்லை" என்றால் தொட வேண்டிய இடம் இதுதான்.

இதன் உண்மையான வேலை குரலைக் குரலோடு சமப்படுத்துவதல்ல, குரலை இசையோடு வைப்பது. நாதஸ்வரம் நுழையும் வரியில் குரலுக்கு ஒன்று, ஒன்றரை டெசிபல் கூடுதலாக வேண்டும். இடையிசை முடிந்து சரணத்தின் முதல் சொல் வரும்போது கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு, அடுத்த வரியில் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு நான் சொன்ன வால்கள். கொம்ப்ரசருக்கு "வாய்" என்பதும் "ஆங்" என்ற இழுவையும் ஒன்றுதான், எது அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. தமிழ் தெரிந்த உங்கள் கைக்குத் தெரியும். கடைசி அசைகளை 1, 2 டெசிபல் உயர்த்திப் பாருங்கள், குரலைக் கூட்டியதாகவே தோன்றாது, பாட்டு விளங்குகிறது என்று மட்டும் சொல்வார்கள்.

இதைச் செய்யும்போது சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டுக் கேளுங்கள், பக்கத்தில் ஒருவர் கதைத்தால் பாட்டு மறைகிற அளவுக்கு. குறைந்த சத்தத்தில் காதுக்கு அடியொலி முதலில் மங்கும் என்பதை 1933 இலேயே ஃப்ளெச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். பேஸும் தவிலும் ஒதுங்கிய அந்த நிலையில் எந்தச் சொல் விழுகிறது என்பது பளிச்சென்று தெரியும். பிறகு ஃபோன் ஸ்பீக்கரிலும் ஒருக்கால். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் பாட்டுக் கேட்பது அதிலும் ஓட்டோவிலும்தான்.

மறைமுகச் செலவு: கோடு எழுதிய பிறகு ஃபேடர் (ட்ராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை) உங்கள் சொல் கேட்காது. முழுக் குரலையும் 1 டெசிபல் குறைக்க நினைத்து இழுத்தால், பாட்டு ஓடத் தொடங்கியதும் அது தன் கோட்டுக்கே திரும்பிவிடும். குரலை ஒரு பஸ் ட்ராக்குக்கு (மற்ற ட்ராக்குகளின் சத்தம் வந்து சேரும் பொது ட்ராக்) அனுப்பி, ஓட்டோமேஷனைக் குரல் ட்ராக்கிலும் மொத்த அளவைப் பஸ்ஸிலும் வைத்தால் தப்பலாம். ரிவேர்ப் (எதிரொலி) அனுப்பல் ஃபேடருக்கு முன்னிருந்து போகிறதா பின்னிருந்து போகிறதா என்றும் பாருங்கள். முன்னிருந்து போனால் குரலைக் குறைக்கிற இடத்தில் ரிவேர்ப் குறையாது, குரல் குகைக்குள் போனதுபோலக் கேட்கும். இசையை மாற்றினால் எல்லாக் கோடும் வீண், அதனால் இது கடைசி நாள் வேலை.

ரைடர் பிளகின்

வேவ்ஸ் நிறுவனத்தின் வோக்கல் ரைடர் இந்த வகையில் பெயர்போனது. குரலின் அளவைக் கேட்டு, நீங்கள் சொன்ன இலக்குக்கு ஃபேடரைத் தானே ஏற்றி இறக்கும். கொம்ப்ரசர் போலக் குரலின் நிறத்தை மாற்றாது என்பது பெரிய நன்மை. ஓட்டிய அசைவுகளைக் கோடாக எழுதித் தரும், பிழையான இடத்தைப் பிறகு கையால் திருத்தலாம்.

ஆனால் மெல்லப் பாட வேண்டும் என்று பாடியதையும் மூச்சுக் குறைந்து மெலிந்ததையும் அது ஒன்றாகவே எண்ணும். உருகிப் பாடிய வரியைத் தூக்கிப் பல்லவிக்குச் சமமாக்கி வைத்துவிடும். எல்லையைக் குறுக்கி, மேலே 2, கீழே 3 டெசிபலுக்குள் மட்டும் அசைய விட்டால் அந்த ஆபத்துக் குறையும். டொலரில் கட்ட வேண்டும் என்பது இங்கிருந்து வாங்குகிறவர்களுக்குத் தனிச் செலவு.

பேச்சு, நேர்காணல், கதை வாசிப்பு, ஒரு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு முடிக்க வேண்டிய வேலை: இவற்றுக்கு வாங்கலாம். உப்புவெளி அக்கா செய்வது மாதத்துக்கு ஒன்று. அவருக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். கை உளைவதற்குக் காரணம் அவர் ஒவ்வொரு சொல்லையும் தொடுவது. பகுதிக்கு ஒன்று, அமுங்கிய வரிக்கு ஒன்று, பிறகு வால்கள் மட்டும் என்று செய்தால் அவர் பாட்டில் முப்பது இடத்துக்கு மேல் வராது.

நோர்மலைஸ் பண்ணினால் சரிவருமா என்றும் கேட்கிறார்கள். வராது. அது முழுப் பதிவையும் ஒரே அளவால் உயர்த்தும், சரணத்துக்கும் பல்லவிக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். லிமிட்டர் உச்சியை மட்டும் வெட்டும், அது கடைசிப் பாதுகாப்பு. ஸ்பொட்டிஃபை சாதாரணமாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்தி ஒலிக்கவிடுகிறது, நீங்கள் நசுக்கி உயர்த்தியதை அது திரும்பக் குறைத்துவிடும்.

கிண்ணியாப் பாட்டுக்கு என்ன செய்தோம்

அவன் போட்டிருந்த கொம்ப்ரசரை எடுத்துப் பார்த்தேன்: நான் மேலே கணக்குக்குச் சொன்ன 4:1 கூட இல்லை, ரேஷியோ 10:1, ரிலீஸ் அரை விநாடிக்கு மேல். முதலில் அதைக் கழற்றினோம். பல்லவியை 6 இறக்கி, சரணத்தை 3 ஏற்றி, இரண்டாம் சரணத்தில் நாலு வரியைத் தனித்தனியாகத் தொட்டோம். பல்லவி இடைவெளிகளில் இருந்த ஃபான் சத்தத்தை வெட்டாமல் 8 டெசிபல் குறைத்தோம், முழுதாக வெட்டினால் ஓட்டை விழுந்ததுபோல இருந்தது. அதன் பின் 3:1 இல் ஒரு கொம்ப்ரசர், அட்டாக் 12, ரிலீஸ் 80 மில்லிவிநாடி, பலமான சொற்களில் 4 டெசிபல் அழுத்தம். கடைசியில் பதினொரு இடத்தில் சொல்லின் வாலை உயர்த்தினோம். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம், ஒரு பின்னேரம், வட்ஸப்பில் திரையைப் பகிர்ந்துகொண்டே.

ஒரு வரி மட்டும் சரிவரவில்லை. முதல் சரணத்தின் கடைசி வரி, "மறந்தாய்" என்று முடிகிறது. எவ்வளவு உயர்த்தினாலும் "மறந்தா" என்றுதான் கேட்டது, ஏனென்றால் "ய்" பதிவிலேயே இல்லை, மூச்சு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இல்லாததை எதைப் போட்டு உயர்த்துவது? அடுத்த நாள் காலை ஃபானை நிறுத்திவிட்டு, அந்த வரிக்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடி அனுப்பினான்.